அமெரிக்கக் கரண்ட்டில் அம்மா

அநியாயம் நடந்தது மரகதவல்லிக்கு. செய்தவள் அவளுடைய நாத்தனார் பரிமளம். செய்த விதம்: பெண் பார்க்க வந்த வீட்டில், பஜ்ஜித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கூடத்து ரெக்கார்டு பிளேயரில் சுற்றிக்கொண்டிருந்த இசைத்தட்டிலிருந்து வந்த மரகதத்தின் குரலைக் கேட்டு, "பொண்ணு பாட்டுன்னு சொன்னீங்க, இது யாரோ பையன்ல பாடறான்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டது. கூடம் சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். அந்த மாப்பிள்ளைக்கும் அந்தப் பெண்ணுக்கும் பிற்பாடு பிறந்த இளவெயினி, சிரிப்பு நடந்த சமயத்தில் தான் அங்கே இல்லாமல் போனதற்காகத் தன் பிறந்த தேதி மேலேயே வழக்குப் போடக்கூடியவள், இப்போது அயோவாவில் ஒரு பல்கலைக்கழக ஊரில், வாடகை வீட்டு மாடியறையின் மரத்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே அதே பிளேயர். அதன் மேல் அதே தட்டு. மடியில் கைப்பேசி. சனிக்கிழமை முற்பகல் வெயில் ஜன்னல் வழியாக வந்து தட்டின் கறுப்பில் வழுக்கி விழுந்துகொண்டிருந்தது. சமையலறையில் அறைத்தோழி பெனிட்டாவும் கீழ்வீட்டுக் கோரினும் பொங்கலுக்குக் கொத்சு போதுமா போதாதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வெயினியோ குடும்ப வாட்ஸப் குரூப்பில் தான் அனுப்பிய பாட்டை அம்மா கேட்டுவிட்டாளா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கக் கூடாது. கேட்டிருந்தால் நன்றாக இருக்கும். கேட்டிருக்கவே கூடாது. மாயவரத்தில் இது ராத்திரி தோசை நேரம், அப்பாவுக்கு ரெண்டு முறுகல், அம்மாவின் போன் ஃபிரிட்ஜ் மேலே சார்ஜில் கிடக்கும், இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும், அப்பா இன்னொரு தோசை கேட்கட்டும், வாழ்க்கையில் ஒருமுறையாவது அந்த மனுஷரின் பசி நியாயத்துக்கு உதவட்டும்.

பிளேயரைக் கொண்டுவந்ததே ஒரு யுத்தம். அம்மாவின் சீரோடு வந்து, அவள் பின்னிய லேஸ் உறையைப் போர்த்திக்கொண்டு, தலையில் பிளாஸ்டிக் பூச்சாடியைச் சுமந்தபடி கூடத்து மூலையில் நின்ற பொருள் அது. வெயினி வளர்ந்த வருஷங்களில் அது பாடி அவள் கேட்டதேயில்லை. "அங்க போயி இத வச்சு என்னடி பண்ணப் போற? அந்த எடத்துல ரெண்டு கிலோ பருப்புப் பொடி வைக்கலாம்" என்றாள் அம்மா. "பருப்புப் பொடி பாடாதும்மா." "இது மட்டும் பாடிக் கிழிச்சுதாக்கும்." அப்பா குறுக்கே வந்து, "கரண்ட்டு அங்க வேறம்மா, நூத்திப்பத்துதான், நம்மது இருநூத்திமுப்பது, வோல்டேஜ் பத்தாது" என்றார். அவர் பயமெல்லாம் வோல்டேஜ். அந்த வீட்டின் பயமே வோல்டேஜ்தான். சித்திரை மாதச் சாயங்காலங்களில் டியூப்லைட் கண் சிமிட்டும், மின்விசிறி யோசித்து யோசித்துச் சுற்றும், போர் மோட்டார் உறுமிவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து ஸ்டெபிலைசர் டக்கென்று ஒரு சத்தம் போட்டதும் அப்பா செய்தித்தாளை மடித்துவிட்டுப் போய் அதன் முள்ளைப் பார்ப்பார், காய்ச்சல்காரக் குழந்தையைப் பார்ப்பதுபோல. லோ வோல்டேஜ், ஹை வோல்டேஜ், இவை இரண்டுக்கும் நடுவில் தப்பிப் பிழைப்பதற்குப் பெயர்தான் குடித்தனம். ஆகவே வெயினியும் வோல்டேஜைத்தான் நினைத்தாள். வந்து இறங்கியதும் நூற்றுப்பத்தை இருநூற்றிருபதாக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கினாள். குழவிக்கல் கனம், சிவப்பு ஸ்விட்ச், மாட்டினால் வண்டு மாதிரி ஒரு ரீங்காரம். இன்று காலை கோரினையும் சாப்பிடக் கூப்பிட்டு, உறையை எடுத்து, ஊசியைத் துடைத்து, இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில் இறக்கினாள். மாவட்டத்துப் பள்ளிகளின் பாட்டுப் போட்டியில் ஜெயித்த பிள்ளைகளை வைத்து ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் வெளியிட்ட தட்டு அது. அந்தக் கடைசிப் பாட்டு, பதினாறு வயது மரகதவல்லியுடையது. பாட்டு டீச்சர் சொந்தமாகக் கட்டிய மெட்டு. தாழ்ந்து வா முகிலே என்று தொடங்கும்.

வந்தது என்ன குரல்! வெள்ளி மணி. துள்ளல். பிசிறே இல்லாமல் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்து கீழே பார்த்துச் சிரிக்கிற பெண்குரல். கோரின் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள். ஊர்த் தேவாலயத்தில் கூட்டுப்பாட்டில் நிற்பவள், காது உள்ளவள். "யார் இந்தக் குழந்தை? பறவை மாதிரி பாடுகிறாளே" என்றாள். வெயினிக்கு மார்பு கொள்ளவில்லை. பையனா? பையனா இது? அத்தை, கேட்டீர்களா, ஏழு கடல் தாண்டி ஒருத்தி, நம் பாஷையே தெரியாதவள், பறவை என்கிறாள்! பாட்டு முடிவதற்குள்ளேயே மறுபடி ஊசியை வைத்து, கைப்பேசியில் பதிந்து, குடும்பக் குரூப்பில் போட்டு, கீழே தட்டினாள்: பரிமளம் அத்தை அவர்களின் மேலான கவனத்துக்கு, இதுதான் நீங்கள் பையன் என்று சொன்ன குரல். ஒரு கைதட்டல் படமும் சேர்த்தாள். அப்பா உடனே கட்டைவிரலைக் காட்டினார். அவர் சாவுச் செய்திக்கும் கட்டைவிரல் காட்டுகிறவர், கணக்கில் இல்லை. வெயினி வாழ்நாளில் ஜெயித்த எத்தனையோ வாதங்களுக்கு நடுவில் இது மகுடம். அரசியல் கோட்பாடு வகுப்பில் பேராசிரியரையே ஒருமுறை 'ஆமாம், நான் சொன்னது சரியில்லை' என்று சொல்ல வைத்தவள். அதெல்லாம் இதற்கு முன்னால் தூசு. அப்போதுதான் பெனிட்டா, நாகர்கோவில்காரி, எலெக்ட்ரிக்கல் படிக்கிறவள், வாயில் பொங்கலோடு பிளேயரின் முதுகுப்பக்கம் குனிந்து பார்த்து, "எட்டி வெயினி, இங்க கரண்ட்டு அறுபதுல்லா?" என்றாள்.

"நூத்திப்பத்து. அதான் டிரான்ஸ்ஃபார்மர் போட்டிருக்கேனே." "வோல்டேஜ் இல்ல மக்ளே. ஹெர்ட்ஸு. இன்னா பாரு, பொறத்தால எழுதிப் போட்டிருக்கான், அம்பதுன்னு. இந்த மோட்டாரு கரண்ட்டு ஆடுக ஆட்டத்துக்குத்தான் ஆடும். நம்ம ஊர்ல செகண்டுக்கு அம்பது ஆட்டம், இங்க அறுபது. ஒனக்க டிரான்ஸ்ஃபார்மர் அதத் தொடவே தொடாது. அஞ்சு சுத்து சுத்த வேண்டிய நேரத்துல ஆறு சுத்துது. ஒங்க அம்ம ஓடிக்கிட்டே பாடுகா." பெனிட்டா சிரித்தாள். கெட்ட சிரிப்பில்லை, நல்ல சிரிப்புதான், ஆனாலும் சிரிப்பு. வெயினி ஒத்துக்கொள்ளவில்லை. எந்த விஷயத்தையும் முதல் தடவையிலேயே ஒத்துக்கொள்வது அவள் வழக்கமில்லை. கைப்பேசியில் சுருதிப் பெட்டி ஆப்பைத் திறந்தாள். அம்மாவின் சுருதி நாலு கட்டை, அது அவளுக்குத் தெரியும். பொண்ணுன்னா ஐந்தரைக் கட்டை என்று ஹார்மோனியத்தை மாற்றாமல் உட்கார்ந்திருந்த டீச்சரிடம், எனக்கு நாலுதான் டீச்சர், என்று நின்று வாங்கிய கதையை அம்மாவே சொல்லியிருக்கிறாள், அவள் சொன்ன ஒரே வீரக்கதை அது. ஊசியை வைத்தாள், நாலைத் தட்டினாள். சேரவில்லை. நாலரை, ஐந்து. ஐந்தரையில் போய் ஒட்டியது, அதற்கும் ஒரு இழை மேலே. அத்தைக்கு அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டிய ஐந்தரை. அமெரிக்கா தன் செலவில் ஏற்றிக் கொடுத்த ஐந்தரை. அந்தக் கணம் பார்த்துக் கைப்பேசி அதிர்ந்தது. அத்தைதான், குரல் செய்தி: "ஏண்டி வெயினி, இது உங்கம்மாவாடி? தேனா இருக்குடி! அன்னிக்கு நான்தான் காதுல பஞ்ச வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனோ என்னமோ. மரகதம், தப்பா சொல்லிட்டேன்மா, மனசுல வச்சுக்காத."

மனசுல வச்சுக்காத. முப்பது வருஷமாக எந்தக் கல்யாணத்திலும் எந்த வளைகாப்பிலும் வராத வார்த்தை, பொய்ச் சாட்சிக்கு வந்துவிட்டது. பெனிட்டா இன்னொரு கரண்டி வைக்கக் கோரினையும் கூட்டிக்கொண்டு சமையலறைக்குப் போக, வெயினி தனியாகப் பிளேயரோடு உட்கார்ந்திருப்பது அதற்குப் பிறகுதான். என்ன செய்வது. ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன? யாருக்கு நஷ்டம்? அத்தை மனம் திரும்பிவிட்டாள், அம்மா கேட்பாள், மகிழ்வாள். இரு, மகிழ்வாளா? எதைக் கேட்டு? தன்னுடையதல்லாத குரலைக் கேட்டு. சரி, அதனால் என்ன, ஒலிப்பதிவில் யாருக்குத்தான் தன் குரல் தன் குரலாகக் கேட்கிறது, என்று அவளுக்குள்ளேயே ஒரு வக்கீல் எழுந்தான், நல்ல கருப்புக் கோட்டு, வழவழப்பான நாக்கு. கனம் நீதிபதி அவர்களே, தட்டு உண்மை, பாடியவர் உண்மை, பாட்டு உண்மை, கரண்ட் மட்டும்தானே கொஞ்சம் அவசரப்பட்டது. உட்காருய்யா, என்றாள் வெயினி. வாய்விட்டே சொல்லிவிட்டாள். சமையலறையிலிருந்து பெனிட்டா, "யாருட்டி, என்னையா?" என்றாள். "உன்னை இல்ல, நீ சாப்பிடு."

ஊசியை மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுபோனாள். ஆள்காட்டி விரலை, சுற்றுகிற வட்டத்தின் விளிம்பில், தட்டில் படாமல், ரப்பர் ஓரத்தில் மட்டும், பூனையின் முதுகைத் தொடுவதுபோல வைத்தாள். அழுத்தினாள். மணிக்குரல் தடுமாறியது, வழுக்கியது, குடித்தவன் படியிறங்குவதுபோல இரண்டு படி இறங்கி நின்றது. இன்னும் கொஞ்சம். பக்கத்தில் ஆப் நாலு கட்டையில் ம்ம்ம் என்று மீட்டிக்கொண்டிருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு விரலால் தேடினாள். அதிகம் அழுத்தினால் அம்மா தூக்கத்தில் பேசுகிறாள். விட்டால் பறவையாகிறாள். எங்கோ நடுவில், விரல் நுனி சூடாகிற இடத்தில், சட்டென்று குரல் சுருதியின் மடியில் வந்து உட்கார்ந்தது. அய்யோ. அம்மா. அடி அம்மா! அகலமான குரல். அடியில் வண்டல் உள்ள குரல். தாழ்ந்து வா என்னும்போது உண்மையிலேயே தாழ்கிற, மேகத்தைக் கெஞ்சாமல் வாசலுக்கு வந்து நின்று கூப்பிடுகிற குரல். பறவையில்லை, குழந்தையில்லை. பையனா? ஆமாம், கண்ணை மூடிக்கொண்டால் பையன் என்று சொல்லலாம். அந்த நினைப்பு வந்ததும் வெயினியின் விரல் பதறி, குரல் ஒரு முறை துள்ளி, திரும்பி வந்தது. அத்தை பொய் சொல்லவில்லை. கேட்டதைத்தான் சொன்னாள். சிரித்ததுதான் குற்றம். இந்த இடத்தில் யோசனை முள்ளில் மாட்டிய புடவை மாதிரி நின்றுவிட்டது. இத்தனை வருஷமாக வெயினி பரிமளத்தோடு போட்ட சண்டையெல்லாம் என்ன சண்டை? எங்கம்மா குரல் ஆம்பளைக் குரல் இல்லை, இல்லை, இல்லை. ஒரு நாளாவது, ஆம், அப்படித்தான், அதனால் என்ன, என்று கேட்டிருக்கிறாளா? இன்று காலை உச்சியில் மணி ஒலித்தபோது அவளுக்குள் துள்ளியது எது? அப்பாடா, பெண்குரல்தான், என்கிற நிம்மதி. பரிமளத்தின் தராசில்தான் அவளும் நிறுத்திருக்கிறாள், தட்டை மட்டும் தன் பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு.

அதுவும் யார் இப்படிச் செய்வது? நாலு கட்டையைத் தாயிடமிருந்து அப்படியே வாங்கிக்கொண்டவள். பார்சல்காரர் போன் செய்தால், "சொல்லுங்க சார், வீட்டுலதான இருக்கீங்க?" என்பார். பாங்கிலிருந்து கூப்பிட்டால், "சார், மேடம் இருக்காங்களா?" சாரும் வேண்டாம் மேடமும் வேண்டாம், விஷயத்தைச் சொல்லுங்க, என்று அவள் உறுமினால் எதிர்முனை இன்னும் பணிவாக "ஓகே சார்" என்னும். வெயினிக்கு அதில் ஒரு குறும்பான பெருமைகூட உண்டு. மாநாட்டு மண்டபத்தில் மைக் நின்றுபோனபோது கடைசி வரிசைவரை போனது அவள் குரல்தானே. ஆனால் அம்மா? அம்மா ஆரத்தி சுற்றும்போது பாடுவாள், நலங்கில் பாடுவாள், எல்லாப் பெண்களோடும் வரிசையில் நின்று பாடுவாள் என்றுதான் வெயினி நம்பியிருந்தாள், பத்து வயதில் ஒரு கல்யாணத்தில் அவள் இடுப்பை ஒட்டி நின்று அண்ணாந்து பார்க்கும்வரை. உதடு அசைந்தது. வார்த்தைக்கு வார்த்தை சரியாக அசைந்தது. சத்தம் மட்டும் இல்லை. "ஏம்மா, சும்மா வாயை ஆட்டறே?" என்று கேட்டதற்கு, "நான் சேர்ந்தா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்கடி, பொண்ணு மாப்பிள்ளையப் பாக்கட்டும்" என்றாள், சிரித்துக்கொண்டே. வீட்டில் மிக்ஸி ஓடும்போது மட்டும் பாடுவாள். தேங்காய்ச் சட்னி அரைபடும் நேரத்துக்கு ஒரு பல்லவி, மிளகாய்ப் பொடி என்றால் சரணமும் உண்டு. மிக்ஸி நின்றதும் பாட்டும் நிற்கும், குழாய் மூடினமாதிரி. அந்தக் குரலை யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவள் அவள். மிக்ஸிச் சத்தத்துக்கு அடியில் காதைக் கொடுத்துக் கேட்டே வளர்ந்தவள் இவள்.

அப்படியானால் உண்மையைப் போட வேண்டியதுதான். குரூப்பில், எல்லார் முன்னாலும், முன்பு அனுப்பியது தவறு, இதுதான் அசல். போட்டால்? பரிமளம் அத்தை கேட்பாள். "நான் அப்பவே சொன்னேன் பாத்தியா!" என்பாள். சித்தப்பா சிரிக்கிற மூஞ்சிகளை வரிசையாகப் போடுவார். அப்பா கட்டைவிரல். மனசுல வச்சுக்காத என்ற சொல் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடும். அம்மாவுக்கு முப்பது வருஷத்தில் கிடைத்த ஒரே ஒரு நல்ல வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டு, அதே சிரிப்பை இரண்டாம் முறை அவள் கையில் கொடுப்பாள் மகள், நேர்மை என்ற பெயரில், அயோவாவில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டு. போடாவிட்டால்? அம்மா நாளைக்கு ஏதோ ஒரு கல்யாணத்தில், "மரகதம், அந்தத் தேன் குரல்ல ஒண்ணு பாடேன்" என்று அத்தை கேட்க, வாயைத் திறக்கவே மாட்டாள், உதடுகூட அசையாது. இப்படி ஒரு பக்கம் வழியில்லை, அப்படி ஒரு பக்கம் வழியில்லை, விரல் வேறு எரிந்தது. "என்னட்டி தியானமா?" என்று பெனிட்டா கைகழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். கோரினும் வந்தாள். வந்தவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள், வெயினியின் விரலைப் பார்த்தாள், கேட்டாள். பாட்டு முடிந்ததும், "இது வேறு ஒருவரா?" என்றாள். "இல்லை, இவர்தான் அவர். முதலில் கேட்டது உங்கள் ஊர் மின்சாரம்." கோரின், "எங்கள் பாட்டுக் குழுவில் இப்படி ஒரு குரலுக்குப் பல வருஷமாகத் தேடுகிறோம்" என்றாள், உப்புப் போதவில்லை என்று சொல்வதுபோலச் சாதாரணமாக. வெயினிக்கு அது சாட்சியமாகப் பயன்படுமா என்று ஒரு கணம் மூளை ஓடியது. உடனே வெட்கப்பட்டு நிறுத்தினாள். போதும், சாட்சிகளை அடுக்கினது போதும். இது யாருடைய வழக்கு? வாதி யார்? முப்பது வருஷமாக எல்லாரும் அந்தக் குரலைப் பற்றிப் பேசுகிறார்கள், பரிமளம் பேசினாள், அப்பா சிரித்தார், வெயினி கத்தினாள். குரலின் சொந்தக்காரியை ஒருத்தர் கூப்பிட்டு விசாரிக்கவில்லையே.

"பெனிட்டா, நீ போனைப் பிடி, நான் விரலைப் பிடிக்கிறேன்." மறுபடி ஊசி, மறுபடி விளிம்பு, மறுபடி நாலு கட்டையின் மடி. நடுவில் இரண்டு இடத்தில் குரல் லேசாக நொண்டியது, இருக்கட்டும். குரூப்பில் போடவில்லை. அம்மாவுக்கு மட்டும் அனுப்பினாள். கீழே தட்டினாள், அழித்தாள், தட்டினாள். வாழ்க்கையில் எந்தக் கட்டுரையையும் இத்தனை முறை திருத்தியதில்லை. கடைசியில் போனது இவ்வளவுதான்: அம்மா, குரூப்ல போட்டது வேகமா ஓடிடுச்சு, இங்க கரண்ட் அப்படி, எனக்குத் தெரியலை. இதுதான் நீ பாடினது. அத்தை சாரி சொன்னது அதைக் கேட்டு. இதை அங்க போடலாமா வேண்டாமான்னு நீ சொல்லு. நீ சொல்றதுதான், நான் வாதாட மாட்டேன். வாதாட மாட்டேன் என்று எழுத எவ்வளவு கஷ்டமாக இருந்தது. அனுப்பிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். டிரான்ஸ்ஃபார்மர் ரீங்கரித்தது. சாம்பல் டிக். சாம்பல் டிக். மூன்றாவது தோசை, நாலாவது தோசை, என்ன வயிறப்பா உங்களுக்கு. பெனிட்டா, "நான் வேணும்னா அந்த மோட்டாரு கப்பியக் கழட்டி அரத்தால ராவித் தாறேன், அளவு கொறஞ்சா வேகமும் கொறையும், பெறவு விரல் வேண்டாம்" என்றாள். வெயினி தலையாட்டினாள், காதில் ஏறவில்லை. நீலம். நீலமாகிவிட்டது. கேட்கிறாள். இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறாள், அந்தச் சமையலறையில், மிக்ஸி ஓடாத நேரத்தில், தன்னை. பதில் வரவில்லை. அழுகிறாளோ. கோபமோ. போனைக் கீழே வைத்துவிட்டாளோ. பதில் வரவேயில்லை, பதிலுக்குப் பதிலாகக் குடும்பக் குரூப் அதிர்ந்தது. அதில் மேலே எழுதியிருந்தது, மரகதவல்லி ஒலிப்பதிவு செய்கிறார் என்று. அந்தக் குரூப்பில் பூ படமும் காலை வணக்கமும் தவிர எதுவும் போட்டறியாத மரகதவல்லி. முதலில் அந்த நாலு கட்டைப் பாட்டு வந்து விழுந்தது, முழுசாக, நொண்டலோடு. அதன் பின்னாலேயே குரல் செய்தி. வெயினி தொட்டாள். கோரினுக்குப் புரியாது என்பதை மறந்து ஒலியைப் பெரிதாக்கினாள். மரகதம் தொண்டையைச் செருமவில்லை, தணிக்கவில்லை, வந்த குரலில் அப்படியே பேசினாள்:

"அண்ணி, நான் மரகதம். மொதல்ல வந்தது நான் இல்ல, அது அமெரிக்கா கரண்ட்டு பாடினது, அதுக்கு நீங்க எங்கிட்ட மன்னிப்பெல்லாம் கேக்க வேண்டாம். இப்ப போட்டிருக்கேன் பாருங்க, அதுதான் நான். நிறுத்தாம முழுசாக் கேளுங்க. கேட்டு முடிச்சப்பறமும் பையன் கொரலாத்தான் தெரிஞ்சுதுன்னா, பையன் நல்லாப் பாடறான்னு சொல்லுங்க."